குறி சுடும் நாளில் கன்றுக்கு என்ன நடக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இதழில் டெம்பிள் கிராண்டின் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கால்நடை விஞ்ஞானம் படிப்பிக்கும் அந்த அம்மையாரைப் பற்றித் தமிழில் எழுதியதற்கு முதலில் நன்றி. கட்டுரையின் கடைசிப் பந்தியில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. விலங்குகளின் உணர்ச்சி, நலன் என்பதெல்லாம் மாடுகளை ஆயிரக்கணக்கில் அடைத்து வளர்க்கும் நாடுகளுக்கு உரிய பேச்சு, திறந்தவெளியில் மேயும் எங்கள் மாடுகளுக்கு அவ்வளவு தேவைப்படாது என்ற மாதிரி முடித்திருந்தீர்கள். முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் பக்கம் மாட்டுப் பட்டி வைத்திருக்கிறேன். எங்களுக்குத்தான் அது கூடுதலாகத் தேவை என்று நினைக்கிறேன்.

வீட்டுக் கொட்டிலில் நிற்கும் பசுவுக்கு மனிதக் கை பழக்கம். பிண்ணாக்கு வைக்கிற கையும் பால் கறக்கிற கையும் அதற்குத் தெரியும். பட்டி மாடு அப்படியல்ல. காட்டோரத்திலும் குளத்துத் தரவையிலும் தன்பாட்டில் மேய்ந்து திரியும். அதை நாங்கள் பிடிப்பது குறி சுட, தடுப்பூசி போட, நாம்பன் என்றால் நலம் தட்டி மலடாக்க, விற்று லொறியில் ஏற்ற. மனிதன் கிட்ட வந்தால் நோகும் என்பது மட்டும்தான் அது எங்களைப் பற்றி அறிந்தது.

யாருடைய மாடு என்று தெரியக் குறி சுடுவதைப் பட்டணத்து வாசகர்கள் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் காலபோக விதைப்புக்காக மாடுகளை வயலிலிருந்து அப்பால் சாய்க்க முன்னர் இது நடக்கும். சிரட்டைக் கரியில் கம்பி சிவக்கும். கன்றைக் கயிறு போட்டு விழுத்தி, ஒருவர் கழுத்தில் முழங்கால் வைக்க, இருவர் காலைப் பிடிக்க, இன்னொருவர் சுடுவார். சிலர் ஓர் எழுத்தோடு விடமாட்டார்கள், பெயரும் ஊரும் சேர்த்து விலாவிலிருந்து தொடைவரை இழுப்பார்கள். மயிர் கருகும் மணம் எழும்ப, வேலிக்கு வெளியே தாய்ப்பசு கத்திக்கொண்டு சுற்றிச் சுற்றி வரும். அவிழ்த்து விட்ட கன்று தாயிடம் ஓடினாலும் பால் குடிக்காமல் வயிறு ஒட்டி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். பிறகு புண்ணில் இலையான் மொய்க்கும். கவனிக்காவிட்டால் புழு வைக்கும், வேப்பெண்ணெய் பூசுவதற்கு அந்தக் கன்றை மறுபடியும் பிடித்து விழுத்த வேண்டும். சூட்டுக் காயம் ஆற இரண்டு மாதத்துக்கு மேலேயே எடுக்கிறது என்று கலிபோர்னியாவில் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள்.

கிராண்டின் அம்மையார் நோவைவிடப் பயத்தைப் பற்றி அதிகம் எழுதியிருக்கிறார். அவர் பின்பற்றுவது ஜாக் பாங்செப் என்ற மூளை விஞ்ஞானியை. பயம், கோபம், தாயைப் பிரிந்த தவிப்பு, குட்டியில் காட்டும் பரிவு, விளையாட்டு போன்ற ஏழு அடிப்படை உணர்ச்சிகள் எல்லாப் பாலூட்டிகளுக்கும் பொது என்று பாங்செப் சொன்னார். மூளையின் உட்பகுதியில், எங்களுக்கும் மாட்டுக்கும் ஒரே விதமாக இருக்கும் இடங்களிலிருந்தே அவை எழுகின்றன என்பது அவருடைய முடிவு. அந்தப் பயம் விலங்கின் மனதில் எப்படிப் பதிகிறது என்பதற்குக் கிராண்டின் ஒரு குதிரையைச் சொல்கிறார். கறுப்புத் தொப்பியைக் கண்டால் அது வெருளும், வெள்ளைத் தொப்பி போட்டவர் வந்தால் சும்மா நிற்கும். முன்பு அதற்கு நோவு செய்தவர் கறுப்புத் தொப்பி போட்டிருந்தார்.

இதை வாசித்தபோது எனக்கு எங்கள் சிவலைப் பசுவின் நினைவுதான் வந்தது. விறகுப் புகைக்கு அது அசையாது. ஆனால் சிரட்டைக் கரி மூட்டினால், எங்கே நின்றாலும் தலையைத் தூக்கி, கண்ணின் வெள்ளை தெரிய, வேலியோரம் ஒதுங்கிவிடும். கன்றுத்தாச்சியாக இருந்தபோதும் அப்படித்தான். அது சூடு வாங்கியது சின்னக் கன்றில்.

குறியே வேண்டாம் என்று நான் எழுத வரவில்லை. 2009 இல் போரின் கடைசியில் சனங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடியபோது மாடுகளும் அநாதையாகக் காட்டில் நின்றன. மீளக் குடியேறி வந்தவர்கள் தங்கள் மாட்டை அடையாளம் கண்டதும், இது என்னுடையது என்று வாதாடியதும் குறியை வைத்துத்தான். களவு இன்றைக்கும் நிற்கவில்லை. காதில் குத்தும் இலக்கத் தகட்டைக் கள்ளன் அறுத்து எறிந்துவிடுவான் என்று எங்கள் ஆட்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சரி, குறி இருக்கட்டும். ஆனால் தொடையின் கீழ்ப்பக்கத்தில் சின்னதாக ஒரு குறி போதும். ஊர்ப் பெயர் எழுத மாட்டின் விலா பலகை இல்லை.

பிடிக்கிற முறைதான் அதைவிட முக்கியம். ஒரு மாடு மட்டும் நடக்கக்கூடிய ஒடுக்கமான வழி, பக்கங்கள் அடைத்து, வளைவாக, கால் வழுக்காத தரையோடு இருந்தால் மாடு தானாகவே உள்ளே நடக்கும் என்று அந்த அம்மையார் செய்து காட்டியிருக்கிறார். தொங்கும் சங்கிலி, தரையில் விழும் நிழல், தண்ணீர்க் குட்டையின் மினுக்கம், கம்பியில் போட்ட சட்டை இப்படிச் சின்னச் சாமான்களுக்குத்தான் மாடு தயங்கி நிற்கும். நாங்கள் அதைப் பிடிவாதம் என்று நினைத்து அடிக்கிறோம். கத்தினால் அதற்கு நெஞ்சு இன்னும் படபடக்கும். வெருண்ட மாடு அடங்க இருபது முப்பது நிமிடம் வேண்டும், அதுவரை விட்டுவிடுங்கள் என்கிறார். இதில் காசு செலவாகிற விஷயம் எது? (அவர் நெற்றிச் சுழியையும் ஆராய்ந்திருக்கிறார் என்பது எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குப் பிடிக்கும். கண்ணுக்கு மேலே சுழி உள்ள மாடு பிடிக்கும்போது கூடுதலாக வெருளுமாம். நாங்கள் சுழி பார்ப்பது அதிர்ஷ்டத்துக்கு, அவர் பார்த்தது குணத்துக்கு.)

கிராண்டின் இறைச்சிக் கூடங்களுக்கு வடிவமைப்புச் செய்து கொடுத்தவர், அவருடைய பேச்சை நாங்கள் ஏன் கேட்க வேண்டும் என்று சைவ வாசகர்கள் சிலர் கேட்கலாம். எனக்கும் இறைச்சி வழக்கமில்லை. ஆனால் பட்டிப்பொங்கலுக்கு மாலை போட்டுக் கும்பிடுகிற நாங்கள்தான் நாம்பன்களை விற்கிறோம். லொறியில் கொம்போடு கொம்பு உரசப் போகும் அந்த மாடுகள் எங்கே போகின்றன என்று எல்லோருக்கும் தெரியும். இறைச்சிக் கூடத்தில் நூறு மாட்டில் மூன்றுக்கு மேல் கத்தினால் அங்கே ஏதோ பிழை இருக்கிறது, தேடிப் பிடித்துத் திருத்து என்று அளவுகோல் வைத்தவர் அவர். எங்கள் இலங்கையின் மிருக வதைத் தடுப்புச் சட்டம் 1907 இல் எழுதப்பட்டது. அதில் போட்ட தண்டம் 100 ரூபாய். 2006 இல் சட்ட ஆணைக்குழு புதிய சட்டத்துக்கு நகல் எழுதிக் கொடுத்தது. சட்டம் வரும் நேரம் வரட்டும், பட்டியில் செய்யக்கூடியதை நாங்கள் செய்யலாம்.

மாகாணக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்திடமும் பண்ணையாளர் சங்கங்களிடமும் உங்கள் பத்திரிகை வழியாக ஒன்று கேட்கிறேன். அடுத்த காலபோகத்துக்கு முன்னர் முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ ஒரு பட்டியிலாவது இப்படி ஒரு வளைந்த வழியை அமைத்து, தடுப்பூசி போடும் நாளில் எல்லாப் பட்டிக்காரரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். கண்ணால் கண்டால் எங்கள் ஆட்கள் செய்வார்கள். இடம் வேண்டுமென்றால் எங்கள் பட்டி இருக்கிறது. பனங்குற்றியும் வேலைக்கு ஆட்களும் நான் தருகிறேன், வைத்தியர் ஒருவர் வந்து அளவைச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
பட்டி வைத்திருக்கும் ஒரு பெண்,
ஒட்டுசுட்டான்.