பஸ்ஸில் போய் நடந்த ஓராண்டு: நம் மதுரை நடைக் குழுவின் 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் ஐயா அவர்களுக்கும், விடியுமுன்பே பையைத் தூக்கிக்கொண்டு பெரியார் பஸ் நிலையத்துக்கு வந்துவிடும் உறுப்பினர்களுக்கும், வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போர்வைக்குள் தங்கிவிடும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு பத்து நடைகள் திட்டமிட்டோம், ஒன்பது நடந்தன. 2024 அக்டோபர் 25 அன்று பெய்த மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது நினைவிருக்கும். அந்த வாரம் வண்டியூர்க் கண்மாயைச் சுற்றி நடப்பதாக இருந்தோம். கண்மாயே நம்மைச் சுற்றி வந்துவிடும் போலிருந்ததால் நிறுத்திவிட்டோம்.

வந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். இதில் செயலாளரின் திறமை எதுவும் இல்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. முன்பெல்லாம் வீட்டுச் செலவைக் காட்டி ஒதுங்கிய அக்காமார்கள் இப்போது தங்கைகளையும் மருமகள்களையும் கூட்டி வருகிறார்கள். நம் மூத்த உறுப்பினர் ஒருவர் கண்டக்டர் கிழித்துக் கொடுக்கும் அந்தக் கட்டணமில்லாப் பயணச்சீட்டுகளை எல்லாம் டைரியில் ஒட்டி வைத்திருக்கிறார். எந்த நடைக்கு எந்த பஸ்ஸில் போனோம் என்று நான் தடுமாறிய இடங்களில் அந்த டைரியைக் கேட்டு வாங்கித்தான் இந்த அறிக்கையை எழுதினேன். நம் நிகழ்ச்சிப் பதிவேட்டைவிட அது ஒழுங்காக இருக்கிறது என்பதை வெட்கத்துடன் பதிவு செய்கிறேன்.

‘வேன் பிடித்துவிடலாமே’ என்ற பேச்சு இந்த ஆண்டும் மூன்று முறை எழுந்தது. முழங்கால் வலியும் பஸ் நெரிசலும் எனக்கும் தெரிந்தவைதான். ஆனால் வேனில் போனால், வேன் நிற்கிற இடத்துக்கே திரும்பி வந்தாக வேண்டும். பஸ்ஸில் போகிறவருக்கு அந்தக் கட்டு இல்லை. ஓர் ஊரில் இறங்கி, இன்னோர் ஊரில் ஏறிக்கொள்ளலாம். இதைப் பேசிப் புரியவைக்க முடியாமல்தான் திருவேடகம் நடையை ஏற்பாடு செய்தேன்.

திருவேடகத்தில் இறங்கி, வைகைக் கரையோரமாக நடந்து, சோழவந்தானில் பஸ் ஏறுவது திட்டம். நாலைந்து கிலோமீட்டர்தான். சம்பந்தர் வைகையில் விட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்து ஏறி வந்து கரைசேர்ந்த தலம் என்பது ஏடகநாதர் கோயிலின் ஐதீகம். நாங்களும் அந்த ஏட்டைப் போல மேற்கு நோக்கி எதிரேறித்தான் நடந்தோம். எதிர்ப்பதற்கு வெள்ளம் இல்லாததுதான் குறை. ‘ஆற்றோர நடை’ என்று நோட்டீஸில் போட்டிருந்தீர்களே, ஆறு எங்கே என்று ஒருவர் கேட்டார். 1895 முதல் மேற்கு மலையைக் குடைந்து வருகிற பெரியாற்றுத் தண்ணீர், வைகைத் தண்ணீரோடு சேர்ந்து, மேலே ஆற்றின் குறுக்கே இருக்கும் பேரணையிலேயே கால்வாய்க்குப் பிரிந்துவிடுகிறது. அதனால் வயலில் நீர் பாய்கிற நாளிலும் கீழே ஆறு மணலும் நாணலுமாகக் கிடப்பதுண்டு. கேட்டவர் சமாதானம் ஆகவில்லை.

ஆறு ஏமாற்றியதைக் கொடிக்கால், அதாவது வெற்றிலைத் தோட்டம், ஈடுகட்டியது. சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். கொடிக்காலுக்குள் அதற்கு முன் கால் வைத்தவர்கள் எங்களில் இரண்டு பேர்தான். தோட்டக்காரர் செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளே விட்டார். வரிசை வரிசையாக அகத்தி, அதைப் பற்றி ஏறிய கொடி, நடுவே கணுக்கால் ஈரத்தில் ஓர் ஆள் நடக்கிற தடம். வெளியே வெயில் காய்கிறது, உள்ளே வியர்வை அடங்குகிறது. ஏணியில் நின்றிருந்தவர் காம்பை நகத்தால் கிள்ளிக் கிள்ளி இலையை இடக்கையில் அடுக்கிக்கொண்டே பேசினார். எண்ணிக்கை மட்டும் தவறவில்லை. ஆளுக்கொரு கவுளி வெற்றிலை வாங்கிக்கொண்டு சோழவந்தானில் பஸ் ஏறினோம். வேன் கேட்டவர்களில் ஒருவர் அன்றோடு கட்சி மாறிவிட்டார்.

ஜூன் மாதம் அழகர்கோவில். பெரியாரில் 44 ஏறினால் ஒரே பஸ். வழியெல்லாம் மண்டகப்படி மண்டபங்கள். சித்திரையில் இதே சாலையில் மலையிறங்கி மதுரைக்கு வருகிற அழகர் நமக்கெல்லாம் மூத்த நடைக்காரர். அவரும் நின்று நின்றுதான் வருகிறார் என்று, பின்தங்கிய உறுப்பினர்களுக்கு ஆறுதல் சொன்னேன். மேலே போகிற வண்டியை விட்டுவிட்டு மலைப்பாதையில் நடந்தோம். சோலைமலை முருகன் கோயிலைத் தாண்டி நூபுரகங்கை வரை இருபுறமும் மரம்தான். கோடை முடிந்த கையோடு போனதால் இலை காய்ந்திருக்கும் என்று நினைத்தேன். அப்படி இல்லை, நிழல் அடர்த்தியாகவே இருந்தது. சிலம்பாற்றுத் தண்ணீர் தலையில் விழுந்ததும் எழுபது வயதுக்காரர் குழந்தையாகக் கத்தியதைப் பதிவேட்டில் ஏற்ற அவர் அனுமதிக்கவில்லை.

திரும்பும் வழியில் குரங்கு ஒன்று பொருளாளரின் பையைப் பறித்து, புளியோதரையை எடுத்துக்கொண்டு, ரசீதுப் புத்தகத்தை முகர்ந்து பார்த்துக் கீழே போட்டது. இந்த ஆண்டுக் கணக்குக்கு அதுவே முதல் தணிக்கை. இனி மலைநடையில் பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டு வர வேண்டாம். தின்பண்டம் தோள்பைக்கு உள்ளே இருக்கட்டும். குரங்குக்கு எதையும் போடவும் வேண்டாம்.

பிப்ரவரியில் அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட, 193 ஹெக்டேருக்குச் சற்று மிகுந்த இடம். டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து மேலூர்ப் பக்கத்து மக்கள் திரண்டதும், 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்ததும் முடிந்த சில வாரங்களில் போனோம். டீக்கடையில் அதைத் தவிர வேறு பேச்சில்லை. குடைவரைச் சிவனையும், பக்கத்திலிருக்கும், சிவனின் அவதாரமாகப் போற்றப்படும் லகுலீசரையும் பார்த்துவிட்டு, ஆனைகொண்டான் கண்மாய்க் கரையில் உட்கார்ந்தோம். பாறை இடுக்கிலிருந்து ஒரு பறவை கல் விழுவதைப் போல இறங்கி, புறாக் கூட்டத்தைச் சிதறடித்துவிட்டு மேலே போனது. ஷாஹீன் வல்லூறு என்றார் ஒருவர், லகர் வல்லூறு என்றார் இன்னொருவர். இரண்டும் அங்கே இருப்பதால் விவாதம் மேலூர் வரை ஓயவில்லை. ‘ஒரு வல்லூறு’ என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.

விவாதத்துக்கு அவ்வளவு நேரம் கிடைத்தது என் பிழையால். மாலையில் ஒரு பஸ் உண்டு என்று நான் குறித்து வைத்திருந்தது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக ஓடுகிற டிரிப். ஞாயிற்றுக்கிழமை அது வராது. நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம் நின்ற பிறகு, ஆடு ஓட்டி வந்த பாட்டி, ‘இன்றைக்கு எந்தப் பள்ளிக்கூடம் ஐயா?’ என்று கேட்டார். அதற்குப் பிறகு பிரதான சாலை வரை நடந்தோம். முழங்கால் வலிக்காரரைப் பால் எடுத்துப்போனவர் டிவிஎஸ் 50-இல் ஏற்றிக்கொண்டார். யாரும் என்னைத் திட்டவில்லை. யாரும் என்னோடு பேசவும் இல்லை. இனி ஞாயிறு நேரத்தை அந்த ஊர் டீக்கடையில் கேட்டு உறுதி செய்யாமல் நோட்டீஸ் போடுவதில்லை என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது. தீர்மானத்தை முன்மொழிந்தவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மற்ற நடைகளில் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கீழக்குயில்குடியில் தாமரைக்குளம் நிறைந்திருந்தது. பேச்சிப்பள்ளத்துச் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களின் காலடியில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுவது சரியா என்ற கேள்வி எழுந்ததால், அடுத்த முறை மலையடி ஆலமரத்து நிழலில் சாப்பிடுவோம். குட்லாடம்பட்டியில் அருவிக்குப் பதில் ஈரப்பாறையைப் பார்த்தோம். சாத்தியார் அணைக்குப் போனது நல்ல காற்றுக்காக மட்டும்.

வரவுசெலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று அவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பட்டியலில் நானும் இருக்கிறேன்.

அடுத்த நடை மீண்டும் அழகர்கோவில், வரும் ஞாயிறு. பெரியார் நிலையம், காலை ஐந்தே முக்கால், 44. ஆண்கள் சில்லறையோடு வரவும். இறங்கி வந்ததும் கோயில் தோசை வாங்கித் தருவதாகத் தலைவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்