சபாவைப் பற்றி நீ கேட்டதற்கு

சுங்கை சிப்புட், பேராக்.
டிசம்பர் 2025

அன்பு நண்பனுக்கு,

நலம். உன் நலமும் வீட்டார் நலமும் அறிய ஆவல்.

மழைக்காலம். நாம் பிறந்த தோட்டத்தில் பால்மரம் ஒன்றுகூட மிச்சமில்லை. பாதி செம்பனை, பாதி வீடமைப்புப் பகுதி. லயங்களை இடித்துவிட்டார்கள், மாரியம்மன் கோயில் மட்டும் இருக்கிறது. மகன் கடல் கடந்து போர்னியோ தீவில், சரவாக் மாநிலத்துப் பிந்துலுவில், எரிவாயு ஆலையில் நன்றாக இருக்கிறான். அவன் சரவாக்கில் வேலை செய்ய அனுமதி வாங்க வேண்டியிருந்தது என்று முன்பு எழுதியிருந்தேன். அதற்கு நீ தமிழ்நாட்டிலிருந்து, "ஒரே நாட்டுக்குள் இதென்ன கொடுமை, இப்படிப்பட்ட நாடு எப்படி ஒன்றாக நிற்கும்?" என்று கேட்டாய். இப்போது அதே தீவிலுள்ள சபா மாநிலம் மலேசியாவை விட்டுப் பிரியப் போகிறதாமே என்றும், மத்திய அரசு பிடியை இறுக்காவிட்டால் எந்தக் கூட்டாட்சியும் உடைந்துதான் போகும் என்றும் எழுதியிருக்கிறாய். சபா பிரியவில்லை. பிடியை இறுக்குவது பற்றி நீ சொன்னதை என்னால் ஏற்கவே முடியாது. அதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நடந்தது ஒரு வழக்கு. 1963 செப்டம்பர் 16 அன்று மலேசியா உருவானபோது சபாவுக்குக் கொடுத்த வாக்குகளில் ஒன்று அரசமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. சபாவிலிருந்து மத்திய அரசுக்குக் கிடைக்கும் நிகர வருவாய் 1963-ஆம் ஆண்டின் அளவைவிட எவ்வளவு கூடுகிறதோ, அந்தக் கூடுதலில் ஐந்தில் இரண்டு பங்கைச் சபாவுக்கே திருப்பித் தர வேண்டும். சில ஆண்டுகள் ஏதோ ஒரு தொகையைக் கொடுத்தார்கள். 1974-இல் கணக்கைத் திரும்பப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. ஆண்டுக்கு 26.7 மில்லியன் ரிங்கிட், உங்கள் கணக்கில் 2 கோடியே 67 லட்சம், அதே தொகை 2021 வரை அசையாமல் நின்றது. அதே 1974-இல்தான் பெட்ரோலியச் சட்டம் வந்து நாட்டின் எண்ணெய் வளம் முழுவதும் மத்திய அரசின் எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ் கைக்குப் போனது. 1976 ஜூனில் சபா அதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. தன் கடலில் எடுக்கும் எண்ணெயில் அதன் பங்கு 5 விழுக்காடு.

சபா வழக்கறிஞர் சங்கம் இதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. கடந்த அக்டோபர் 17 அன்று, சபாவின் தலைநகரான கோத்தா கினபாலுவில் உள்ள உயர் நீதிமன்றம், 1974 முதல் 2021 வரைக்கும் அந்தப் பங்கு சபாவுக்குச் சேர வேண்டியதே என்று தீர்ப்பளித்தது. மறு ஆய்வு நடத்தி 180 நாட்களுக்குள் உடன்பாடு காணவும் உத்தரவிட்டது. உங்கள் நாளிதழில் வந்த செய்திக்கு மூலம் இதுதான். இதில் பிரிவினை எங்கே இருக்கிறது, சொல். பிரிந்துபோக நினைப்பவர்கள் அந்த நாட்டின் அரசமைப்புச் சட்டத்தையே விரித்துவைத்து, அந்த நாட்டின் நீதிபதி முன் நின்று, "இதன்படி நடங்கள்" என்று வாதாடுவார்களா? நவம்பர் 29 அன்று நடந்த சபா சட்டமன்றத் தேர்தலில் முதல் இரண்டு இடங்களையும் உள்ளூர்க் கட்சிகளே பிடித்தன. கோலாலம்பூரிலிருந்து வந்த கட்சிகள் நன்றாக அடி வாங்கின. அது கோபம். நியாயமான கோபம்.

உனக்கு 1965 ஆகஸ்டு நினைவிருக்கும். நாம் பள்ளிப் பிள்ளைகள். கடைத்திண்ணையில் பெரியவர்கள் தமிழ் நேசனை உரக்கப் படிக்க, சிங்கப்பூரில் தம்பியும் மருமகனும் இருந்தவர்கள் ஒன்றும் புரியாமல் நின்றார்கள். 126 பேர் ஆதரித்து ஒருவரும் எதிர்க்காமல் நாடாளுமன்றம் ஆகஸ்டு 9 அன்று சிங்கப்பூரைப் பிரித்து அனுப்பியது. சபா, சரவாக் தலைவர்களை யாரும் முன்கூட்டிக் கலந்துகொள்ளவில்லை. அப்போது சபா விவகாரங்களுக்கான மத்திய அமைச்சராக இருந்த டொனால்ட் ஸ்டீபன்ஸ், நாட்டின் அமைப்பே மாறிவிட்டதே, சபா சேர்ந்த நிபந்தனைகளை மீண்டும் பேசலாம் என்று கேட்டார். அவர் பதவியை விட்டு விலக வேண்டியதாயிற்று. மலேசியா அமைய சபாவில் பாடுபட்டவர்களில் முன்னணியில் நின்றவர் அவர். அவர் கேட்டதே குற்றமாகிவிட்டது.

அவர் ஏன் கேட்டார் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். தொகுதி மறுவரையறையில் தமிழ்நாட்டின் நாடாளுமன்ற இடங்களுக்கு என்ன ஆகும் என்ற உன் கவலைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1963-இல் நாடாளுமன்றத்தில் 159 இடங்கள். மலாயாவுக்கு, அதாவது தீபகற்பத்துக்கு, 104. சரவாக்குக்கு 24, சபாவுக்கு 16, சிங்கப்பூருக்கு 15, மூன்றும் சேர்ந்து 55. அரசமைப்பைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 106 வாக்குகள் வேண்டும். மலாயாவிடம் இருந்தவை அதற்கு இரண்டு குறைவு. பிறரில் இருவரையாவது இணங்க வைக்காமல் மலாயா தன் விருப்பத்துக்கு அரசமைப்பைத் தொட முடியாது. சிங்கப்பூர் போனதும் மொத்தம் 144, தேவை 96, மலாயாவிடம் 104. பூட்டு திறந்துகொண்டது. போன 15 இடங்களைச் சபாவுக்கும் சரவாக்குக்கும் பகிர்ந்து கொடுக்கவில்லை. இன்று 222 இடங்களில் அவ்விரண்டுக்கும் சேர்த்து 56. நிலப்பரப்பிலோ நாட்டில் பாதிக்கும் மேல் அவர்களுடையது. மூன்றில் ஒரு பங்கு இடம் வேண்டும் என்று இன்று அவர்கள் கேட்பது, இழந்த அந்தப் பூட்டைத்தான்.

தமிழ்நாட்டின் 39 இடங்களுக்கு என்ன ஆகுமோ என்று உன் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் கலங்குகிறாய். முதல் பக்கத்தில் மத்திய அரசின் பிடி இறுக வேண்டும் என்கிறாய். இரண்டையும் ஒரே மனிதன் எப்படி எழுதினான்?

உன் ஊர் வரலாற்றையே எடுத்துக்கொள். திராவிட நாடு கேட்ட அண்ணா 1963-இல் அந்தக் கோரிக்கையைக் கைவிட்டார். பிரிவினை பேசினால் தேர்தலில் நிற்க முடியாதபடி பதினாறாவது திருத்தம் வந்தது அந்த ஆண்டுதான். சீனப் போரும் ஒரு காரணம். ஆனால் சட்டத்தால் மட்டும் அடங்கியிருந்தால், 1965 ஜனவரியில் மொழிக்காக மாணவர்கள் தெருவில் இறங்கியபோது எல்லாம் மறுபடி கிளம்பியிருக்க வேண்டுமே. கிளம்பவில்லை. 1967-இல் அண்ணா ஆட்சிக்கு வர முடிந்தது. அந்த டிசம்பரில், இந்தி பேசாத மாநிலங்கள் இசையும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று நாடாளுமன்றம் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தியது. கேட்டதில் கொஞ்சம் கிடைத்தது. கேட்கிற இடத்தில் உட்கார நாற்காலியும் கிடைத்தது. இந்தியா உங்களைக் கட்டிப் பிடித்து வைத்திருந்ததாக நீ நினைக்கிறாய். அது விட்டுக்கொடுத்ததால்தான் நீங்கள் தங்கினீர்கள் என்கிறேன் நான்.

இங்கும் விட்டுக்கொடுத்தபோது ஒன்றும் இடிந்து விழவில்லை. 1976-இல் அரசமைப்புச் சட்டத்தில் சபாவையும் சரவாக்கையும் மற்ற மாநிலங்களோடு ஒரே வரிசையில் எழுதினார்கள். 2021 டிசம்பரில் 199 உறுப்பினர்கள் ஆதரித்து, எதிர்ப்பே இல்லாமல் அதை மாற்றினார்கள். வெளியிலிருந்து யார் உள்ளே வரலாம் என்று முடிவு செய்யும் குடிநுழைவு அதிகாரமும் அப்படித்தான். மகனுக்கு வேலை அனுமதி கேட்டது எனக்குக் கொடுமையாகத் தெரியவில்லை. தீபகற்பத்தார் வந்து தங்கள் வேலைகளை நிரப்பிவிடுவார்களோ என்று அஞ்சி, அந்த உரிமையைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் சபா, சரவாக் மக்கள் மலேசியாவுக்குள் வந்தார்கள். சபாவின் கெனிங்காவ் ஊரில் ஒரு சத்தியக் கல் நட்டிருக்கிறது, 1964-இல் நட்டது. மத சுதந்திரம் இருக்கும், நிலம் மாநில அரசின் கையில் இருக்கும், பூர்வ குடிகளின் வழக்காறுகள் மதிக்கப்படும் என்ற மூன்று வாக்குகள் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கல்லில் எழுதி வாங்கும் அளவுக்கு அந்த மக்கள் கவனமாக இருந்திருக்கிறார்கள்.

2015-இல், மாநிலம் பிரிய வேண்டும் என்று தூண்டுவதையும் குற்றமாக்க, தேச நிந்தனைச் சட்டத்துக்கு ஒரு திருத்தத்தை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றினார்கள். பிரிவினையை நானும் விரும்பவில்லை. என் மகனின் பிழைப்பும் அவன் பிள்ளைகளின் பள்ளியும் அந்தக் கரையில் இருக்கின்றன. ஆனால் பாக்கியைக் கேட்பவனுக்கும் அந்தப் பெயரையே சூட்டுகிறார்களே, அதுதான் என்னைச் சுடுகிறது. நம் அப்பாக்களை நினைத்துப் பார். கூலி உயர்வு கேட்டால், தண்ணீர்க் குழாய் கேட்டால், "பிடிக்கவில்லை என்றால் ஊருக்குத் திரும்பிப் போ" என்றார்கள். குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையும் வேலை பெர்மிட்டும் வந்து, இங்கேயே பிறந்த நீ பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறினாய். நம்மைப் 'போ' என்று சொல்லி வாயை அடைத்தார்கள். சபாக்காரர்களை 'போகப் பார்க்கிறாயா' என்று சொல்லி அடைக்கிறார்கள். நீயே அந்தக் கேள்வியை எழுதியிருக்கிறாய் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

எனக்கும் ஒரு கவலை உண்டு. அந்த ஐந்தில் இரண்டு பங்கு வந்தால், அது கோத்தா கினபாலுவில் உள்ள பெரிய மனிதர்களோடு நின்றுவிடக் கூடாது. நாட்டிலேயே வறுமை மிகுந்த மாநிலம் இன்றும் சபாதான். குடிநீரும் மின்சாரமும் ஒழுங்காக வராத ஊர்கள் அங்கே ஏராளம். பங்கு கேட்டு வழக்காடியவர்கள் அந்தக் கணக்கையும் தங்கள் அரசிடம் கேட்க வேண்டும்.

மறுத்து எழுதுவாய் என்று தெரியும், எழுது. மகன் பிப்ரவரியில் சென்னை வருகிறான், உன் வீட்டுக்கும் வருவான். மாநில சுயாட்சி பற்றி 1971-இல் வந்த ராஜமன்னார் குழு அறிக்கை எங்காவது கிடைத்தால், நகலெடுத்து அவனிடம் கொடுத்தனுப்பு. செலவை அவன் தருவான். அதைப் படித்துவிட்டு மீதியைச் சண்டை போடலாம்.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பு.

என்றும் உன்
நண்பன்