மன்னார் களப்பு வெளியில் வாகனங்களைத் தடுத்து, உப்புக்கொத்திக் கூடுகளைக் காக்கக் கோரும் மனு

வனஜீவராசிகள் திணைக்களப் பொறுப்பதிகாரி அவர்களுக்கு,

மதிப்புக்குரிய ஐயா,

தள்ளாடியைத் தாண்டி மன்னார்ப் பாலத்துக்குப் போகும் வீதியின் இரு புறமும் கிடக்கும் களப்பு வெளியைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். 2008-ல் வங்காலைச் சரணாலயமாகவும், 2010-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஒன்றாகவும் அறிவிக்கப்பட்ட இடம் அது. இதே விடயமாக முன்னர் தந்த மனுக்களுக்குப் பதில் வராததால், தாழ்மையுடன் மீண்டும் எழுதுகிறேன்.

1. அந்த வெளியில் குடியிருக்கும் அனுமன் உப்புக்கொத்தி, மணல்நிற முதுகும் வெள்ளை வயிறுமாக உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பறவை. நீர் விளிம்பில் நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து ஒரு பூச்சியையோ புழுவையோ கொத்தும், மறுபடி ஓடும். குளிர்காலத்துக்கு மட்டும் வந்து போகும் விருந்தாளி அல்ல, இங்கேயே முட்டையிட்டுக் குஞ்சு வளர்ப்பது. 2023-ல்தான் இது தனி இனம் என்று ஆய்வாளர்கள் நிறுவினார்கள். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும்தான் இதன் இருப்பிடம்.

2. இது மரத்திலோ பற்றையிலோ கூடு கட்டாது. காய்ந்த தரையில் நெஞ்சால் அழுத்தி ஒரு சிறு குழி, அதில் சில சிப்பித் துண்டுகள், அவ்வளவுதான். இரண்டோ மூன்றோ முட்டைகள், மண்நிறத்தில் கரும்புள்ளிகளுடன். காகத்தின் கண்ணுக்குப் படாமல் இருக்க வந்த நிறம், உழவு இயந்திரம் ஓட்டுபவரின் கண்ணுக்கும் படுவதில்லை.

3. எங்களை மிகவும் வருத்துவது இந்த வாகனங்கள்தான். தண்ணீர் வற்றித் தரை இறுகியதும், வீதியால் சுற்றிப் போகாமல் உழவு இயந்திரங்களும் மோட்டார் சைக்கிள்களும் வெளிக்குக் குறுக்கே இறங்குகின்றன. கூடு வைக்கும் மாதங்களும் அவையே. ஒரே தடத்தில் போனாலாவது பரவாயில்லை. சேறு புதையும் இடத்தை விலத்தி ஆளுக்கொரு புதுத் தடம் போடுகிறார்கள். நாய் வந்தால் தாய்ப்பறவை செட்டை முறிந்ததுபோல் இழுத்து இழுத்து ஓடி, அதைத் தன் பின்னால் கூட்டிக்கொண்டு போய்விடும். வண்டிச் சில்லை அப்படிக் கூட்டிப் போக முடியுமா, ஐயா? பொரித்த குஞ்சு அன்றைக்கே ஓடத் தொடங்கும். ஆபத்து என்றால் மட்டும் ஓடாது, தரையோடு தரையாக ஒட்டிப் படுத்துவிடும். சில்லுத் தடத்தின் பள்ளம் அதற்கு நல்ல ஒளிப்பிடமாகத் தெரிகிறது. அடுத்த வண்டியும் அதே பள்ளத்தால்தான் வருகிறது. நசுங்காமல் தப்பும் முட்டைக்கும் கேடுதான். காண்டாவன வெயிலில் தாயும் தகப்பனும் மாறி மாறி நிழல் கொடுக்க வேண்டும். வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிரவைப்பதும் இந்தப் பறவைகளின் வழக்கம். ஒவ்வொரு வண்டிக்கும் அவை எழுந்து ஓட வேண்டியிருக்கிறது. அந்த நேரம் முட்டை வெறும் வெயிலில் கிடக்கிறது. மூன்று வாரத்துக்கும் மேல் அடைகாக்க வேண்டிய முட்டை எத்தனை தரம் அப்படிக் கிடந்து தாங்கும்?

4. சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 1937-ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி, சரணாலயத்துக்குள் பறவை முட்டையை அழிப்பது குற்றம். பிறகு ஏன் ஒருவரும் வந்து பார்க்கவில்லை? அந்த வீதியால் போகும்போது வண்டியை ஐந்து நிமிடம் நிறுத்தினால் தடங்கள் எல்லாம் தெரியுமே! கோடிக்கணக்கில் காசா கேட்கிறோம்? மீன்பிடிக்கப் போகும் சனத்தின் பாதையை மறிக்கச் சொல்லவில்லை, அவர்களுடைய வழி வேறு. வாகனம் இறங்கும் இடங்களில் சில சீமெந்துத் தூண்கள், தமிழிலும் சிங்களத்திலும் ஒரு அறிவிப்புப் பலகை. இதற்குமா பதில் இல்லை?

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த பங்குனியில் தண்ணீர் வற்றத் தொடங்குமுன் அந்தத் தூண்களை நட்டுத் தாருங்கள். ஆடி முடியும்வரையாவது வெளிக்குள் வாகனம் இறங்காமல் தடுத்துத் தாருங்கள். தயவுசெய்து இந்த முறையாவது ஒரு அலுவலரை நேரில் அனுப்புங்கள், கூடு இருக்கும் இடங்களை நாங்களே கூடவந்து காட்டுகிறோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
மன்னார்த் தீவு வாசி