ஏழு சனிக்கிழமைகளுக்கு ஒரு நன்றி மடல்

எங்கள் நூலக வாசகர் வட்டத்து அன்பர்களுக்கும், அயலூர்களிலிருந்து வந்து தோள் கொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

பொது நூலகத்தில் நாங்கள் நடத்திவந்த வரலாறு, கலை நிகழ்ச்சி சென்ற சனிக்கிழமையோடு நிறைவுற்றது. அன்று நன்றியுரைக்கு என்னை எழுப்பினார்கள். நான் வாயைத் திறக்கவும் மழை பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது. தகரக் கூரையின் இரைச்சலில் நான் சொன்னது முன்வரிசைக்கே கேட்டிருக்காது. ஆகவே இந்த மடல்.

முதல் நன்றி நூலகர் அம்மாவுக்கு. வேலை நேரம் முடிந்ததும் கதவைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர், ஏழு கிழமையும் இருட்டும்வரை சாவிக் கொத்தோடு காத்திருந்தார். வெளியே கொடுக்கக் கூடாத ‘யாழ் நூல்’ அவர் கையாலேயே மேசைக்கு வந்தது. 1892இல் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1947இல் அரங்கேற்றிய நூல் அது. அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி, வழக்கொழிந்த யாழ்களின் நரம்புகளைக் கணக்குப் போட்டே மீட்டெடுத்தவர் என்று சொன்னதும், பத்தாந்தரப் பிள்ளை ஒருத்தி, “அப்படியென்றால் இசை படிக்கவும் கணக்கு வேண்டுமா?” என்று கேட்டு முகத்தைச் சுளித்தாள். அந்த நூலை அன்று கடைசியாக மூடியவளும் அவள்தான்.

கோட்டையைப் பற்றிப் பேசிய இளைப்பாறிய ஆசிரியர் ஐயாவுக்கு அடுத்த நன்றி. மட்டக்களப்புக் கோட்டை என்றால் எங்கள் பிள்ளைகளுக்குக் கச்சேரிதான், அதாவது அதற்குள் இயங்கிவந்த மாவட்ட அரச அலுவலகம். ஏதோ ஒரு கடிதத்துக்காக அப்பாவோடு போய் வரிசையில் நின்ற இடம். ஐயா வெண்கட்டியால் நூலகத் தரையிலேயே கோட்டையை வரைந்தார். இரண்டு பக்கம் வாவி, இரண்டு பக்கம் அகழி. நான்கு மூலையிலும் நான்கு பையன்களை நிறுத்தி, “நீங்கள்தான் கொத்தளங்கள், அசையக் கூடாது” என்றார். போர்த்துக்கேயர் 1628இல் கட்டியதைப் பத்தே வருடத்தில், 1638இல், கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் துணையோடு ஒல்லாந்தர் பிடித்த கதையைச் சொல்லி முடிக்குமட்டும் மூன்று கொத்தளங்கள் நின்றன. ஒன்று தண்ணீர் குடிக்கப் போய்விட்டது.

1978 நவம்பர் 23ஆம் தேதிச் சூறாவளியை நேரில் கண்ட மூத்தவர்கள் பேசிய மாலையில் நான் காய்ச்சலில் கிடந்தேன். வந்து கதை சொன்ன அம்மாமாருக்கும் அப்பாமாருக்கும் கடன்பட்டிருக்கிறேன் என்பதற்கு மேல் எழுத எனக்கு அருகதை இல்லை.

இனிக் கூத்து. இதைச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

கூத்துப் பழக்கிய ஆசான் அண்ணாவியார், வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக்காரர். மண்டூரிலிருந்து, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகேறிக் குருமண்வெளித் துறையில் இறங்குவார். அங்கிருந்து அவரையும் மத்தளத்தையும் ஏற்றி வந்த முச்சக்கரவண்டித் தம்பி ஒருநாளும் காசு வாங்கவில்லை. முதல் நாள் ஒலிபெருக்கி தருவதாகச் சொன்னவர் வரவில்லை. பெயர் எதற்கு, விடுவோம். நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, அண்ணாவியார், “மத்தளம் இருக்கும்போது மைக் எதற்கு மனே?” என்று சொல்லி வாரை இழுத்துக் கட்டினார். அந்த முதல் அடிக்கு வீதியில் போனவர்கள் சைக்கிளை நிறுத்தினார்கள்.

ஆடுவோருக்குப் பாட்டைப் பிரித்துச் சட்டம் கொடுப்பது, சதங்கை அணிவது, முழுக்கூத்தையும் ஒத்திகையாக ஆடி அடுக்குப் பார்ப்பது, அரங்கேற்றம், பிறகு வீட்டுக்கு வீடு ஆடுவது என்று ஒரு கூத்துக்கு மாதக்கணக்காகும். ஏழு சனிக்கிழமையில் அது ஆகிற காரியமா? பிள்ளைகளுக்கு, பாத்திரம் களரிக்குள் வரும்போது ஆடும் வரவு ஆட்டம் ஒன்றை மட்டும் பழக்கினார். பிஸ்கட் பெட்டி மட்டையில் கஞ்சிப் பசை தடவி அரச வேடத்துக்குக் கிரீடமாக முடி செய்தோம். அவர் அதைத் தலையில் வைத்துப் பார்த்துவிட்டு, “பாரம் காணாது, பாரம் இருந்தால்தான் கழுத்து நிமிரும்” என்றார்.

அவர் கொண்டுவந்த கூத்துக் கொப்பி, கூத்துப் பாட்டெல்லாம் எழுதிவைத்த ஏடு, அவருடைய தகப்பனார் கைப்பட எழுதியது. ஓரமெல்லாம் செல்லரித்துக் கிடந்தது. பல்கலைக்கழக மாணவர் இருவர் அதை ஜன்னலோரத்தில் வைத்து, பக்கம் பக்கமாகப் படம் எடுத்தார்கள். தாள் கிழியாமல் திருப்ப ஒரு பழைய தபாலட்டையைக் கீழே செருகிச் செருகித் தூக்கினார்கள். அரித்துப்போன இடங்களில் என்ன சொல் இருந்தது என்று கேட்டால் அண்ணாவியாருக்குச் சொல்ல வரவில்லை. கண்ணை மூடி யோசித்தார், வரவில்லை. பிறகு மத்தளத்தை மடியில் வைத்துத் தாளத்தைப் பிடித்தார். பாட்டு முழுதாக வந்தது. நிறுத்தினால் மறந்துவிடும் என்பதால் மாணவர்களும் நிறுத்தாமல் எழுதினார்கள். ஓட்டை விழுந்த இருபத்துமூன்று இடங்களில் இருபது இடம் இப்படி நிரம்பியது. அவருடைய சம்மதத்தோடு அதன் பிரதியொன்று இப்போது நூலகத்தில் இருக்கிறது. அண்ணாவியாருக்கும் அந்த இரண்டு மாணவருக்கும் இதற்கு எந்தச் சொல்லால் நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மண்டபத்துக்கு அனுமதி தந்த பிரதேச சபையாருக்கும், பாய் தந்த கோயில் நிருவாகத்தினருக்கும், கௌபி அவித்துத் தந்த மாதர் சங்கத்து அக்காமாருக்கும், உடைந்த வாங்குக்குக் கால் வைத்துத் தந்த தச்சருக்கும், ஒவ்வொரு முறையும் நாங்கள் போனபின் கூட்டிக் கழுவிய அம்மாவுக்கும் நன்றி. கடைசியாகச் சொன்னவருக்குத்தான் நாங்கள் அதிகம் தொல்லை கொடுத்திருக்கிறோம். வெண்கட்டிக் கோட்டையைக் கழுவ மனம் வராமல் இரண்டு நாள் விட்டுவைத்தாராம்.

அண்ணாவியாரின் கொப்பியில் நிரம்பாமல் மிஞ்சிய மூன்று இடங்களுக்காக ஒரு வேண்டுகோள். எங்கள் பக்கத்துக் கூத்தின் இரு மரபுகளில் ஒன்றான வடமோடிக் கூத்துக் கொப்பி யாருடைய வீட்டுப் பெட்டகத்திலாவது இருந்தால், நூலகத்துக்கு ஒருமுறை கொண்டுவந்து காட்டுங்கள். அன்றே திருப்பித் தந்துவிடுவோம். நிறைவு நாள் மழையில் ஒற்றைக்கால் சதங்கையொன்றும் நீலக் குடையொன்றும் தவறவிடப்பட்டிருக்கின்றன. இரண்டும் நூலகர் அம்மாவின் மேசை லாச்சியில் பத்திரமாக இருக்கின்றன.