செயலாளரின் ஆண்டறிக்கை 2023: புகைப்பெட்டிக் கணக்கு உட்பட

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை உறுப்பினர்களே, இன்று வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

‘இன்று வந்திருக்கும்’ என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டம் காலை 10 மணிக்கு என்று வாட்ஸ்அப் குழுவில் மூன்று முறை போட்டேன். பத்து மணிக்கு மண்டபத்தில் இருந்தது 19 பேர். சட்டவிதிப்படி அரை மணி நேரம் ஒத்திவைத்து, அப்புறம் இருந்தவர்களை வைத்தே நடத்தி முடித்தோம். நாசி லெமாக் மட்டும் 60 பொட்டலம் சொல்லியிருந்தோம். மீதிப் பொட்டலங்கள் எங்கே போயின என்பது இந்த அறிக்கைக்கு வேண்டாம்.

ஆண்டு நிகழ்ச்சிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொங்கல் விழா ஜனவரி 15 அன்று மண்டப வாசலில் நடந்தது. தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு ஒரு பஸ் விட்டோம். பிள்ளைகளுக்கான கணக்கு டியூஷன் வாரம் இரண்டு நாள் நடக்கிறது. கால்பந்து அணி முதல் சுற்றோடு திரும்பியது. தீபாவளிக்கு 20 குடும்பங்களுக்கு அரிசி, எண்ணெய் கொடுத்தோம். மூன்று உறுப்பினர்கள் காலமானார்கள். அவர்கள் குடும்பங்களுக்கு வழக்கமான உதவித்தொகை போய்ச் சேர்ந்தது. செயலவை ஏழு முறை கூடியது. ஏழிலும் இருந்தவர்கள் தலைவரும் நானும் மட்டுமே.

இனி, சிலர் குழுவிலும் பலர் என் முதுகுக்குப் பின்னாலும் பேசிவரும் விஷயம். சங்கப் பணத்தில் 268 வெள்ளிக்கு (ரிங்கிட்) செயலாளர் தன் இஷ்டத்துக்குக் காற்றிலுள்ள புகைத் துகளை அளக்கும் ஒரு பெட்டி வாங்கிவிட்டார் என்கிறார்கள். வாங்கியது உண்மைதான். தன் இஷ்டத்துக்கு என்பது பாதி உண்மை. ஏப்ரல் கூட்டத்தில் சொன்னேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது கூட்டக் குறிப்பில் ஏறவில்லை. குறிப்பு எழுதுகிறவன் நான் என்பதால் அந்தக் குறையை ஏற்றுக்கொள்கிறேன்.

ஏன் வாங்கினேன் என்பதையும் கேட்டுவிடுங்கள். மார்ச் மாதம் ஜாலான் 3இன் (மூன்றாம் தெரு) மூலைவீட்டு அம்மா என்னைக் கூப்பிட்டுக் கொடியில் காய்ந்த பேரனின் பள்ளிச் சட்டையைக் காட்டினார். வெள்ளைச் சட்டையின் தோளிலும் காலரிலும் மிளகுத்தூள் தூவியதுபோல் கரித்துகள். “தட்டுனா போயிடுது தம்பி, தெரியாம தேச்சிட்டா கோடு விழுந்துடுது” என்றார். பையனுக்கு ஒன்பது வயது, ஆஸ்துமா இழுப்பு உண்டு. மருந்து உறிஞ்சும் நீல நிறப் பம்ப் எப்போதும் பையில் இருக்கும். அந்த மாதம் மட்டும் இரண்டு முறை கிளினிக்கில் மூச்சுக்கு ஆவி மருந்து (கேஸ்) வைக்கக் கொண்டுபோயிருக்கிறார்கள். இரவில் கதவிடுக்கில் ஈரத்துண்டைச் செருகிவிட்டுத்தான் படுக்கிறார்களாம். “இத யாருகிட்ட சொல்றது?” என்று கேட்டார். நான் கைப்பேசியைத் திறந்து சிலாங்கூர் பந்திங்கில் உள்ள காற்றுக் கண்காணிப்பு நிலையத்தின் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைப் பார்த்தேன். 61. மிதமான நிலை. அதை அவரிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

நிலையம் பொய் சொல்லவில்லை. நாம்தான் அதைப் படிக்கும் விதம் தெரியாமல் இருந்தோம். குறியீடு 50 வரை நல்ல காற்று, 100 வரை மிதம், 101க்கு மேல் ஆரோக்கியமற்றது, 201க்கு மேல் மிக மோசம், 300ஐத் தாண்டினால் அபாயம். நுரையீரலின் அடிவரை போகும் 2.5 மைக்ரான் நுண்துகளை 2018லிருந்துதான் நம் மலேசியக் கணக்கில் சேர்த்தார்கள். அந்தத் துகளின் கணக்கு 24 மணி நேரச் சராசரி. இரவு 7 முதல் 9 வரை நம் பின்சந்தில் ஒரு டயர் எரிந்தால், மீதி 22 மணி நேரம் அதைக் கழுவிவிடும். அதுவும் அந்தப் புகை பந்திங் வரை போனால்தானே? நிலையம் வட்டாரத்துக்கு வைத்தது, ஜாலான் 3க்கு வைத்ததல்ல.

நான் வாங்கிய பெட்டி அந்தந்த நிமிடத்துக் காற்றை லேசர் ஒளியில் பார்த்து, துகள் எவ்வளவு என்று காட்டும். மண்டபத்துப் பின்சுவரில், மழை படாமல் கூரைக்கடியில் மாட்டியிருக்கிறேன். இளைஞர் பகுதி இதற்குச் சாம்பிராணி மெஷின் என்று பெயர் வைத்துவிட்டது. வைத்துக்கொள்ளட்டும். குறையும் உண்டு: விடியற்காலைப் பனியில் ஈரத்தையும் தூசாக எண்ணிக் கூட்டிக் காட்டும். அதனால் காலை 8 மணிக்கு முந்திய கணக்கை நான் எடுத்துக்கொள்வதில்லை. இதை வைத்து வழக்குப் போட முடியாது. எந்த நேரத்தில் ஏறுகிறது, இறங்குகிறது என்று தெரிந்துகொள்ளலாம், அவ்வளவுதான்.

பெட்டியோடு ஒரு பதிவேடும் உண்டு. எழுதுவது நானல்ல. செம்பனை எண்ணெய் ஆலையில் 31 வருடம் பாய்லர் பார்த்து ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் ஒருவர். அவர் பேரைப் போட வேண்டாம் என்றார். புகையின் நிறத்தை வைத்தே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார். வெள்ளையாகப் போய்ச் சீக்கிரம் கரைந்தால் பெரும்பாலும் நீராவி. கறுப்பாகத் திரண்டு வந்தால் பாய்லரில் எரிக்கப் போடும் செம்பனை நார் ஈரமாக இருக்கிறது, அல்லது காற்று போதாமல் ஓடுகிறது. அவர் எழுதிய ஒரு பக்கம் அப்படியே: ‘மணி 7.10 கறுப்பு. 7.25 வெள்ளை. 8.05 ஆலை இல்லை, பின்சந்து, பிளாஸ்டிக் வாடை. 8.40 அதே. மூக்கு எரியுது.’

ஆறு மாதம் எழுதியதில் தெரிந்தது உங்களுக்கும் எனக்கும் பிடிக்காத விஷயம். பெட்டியில் துகள் கணக்கு 100ஐத் தாண்டிய மாலைப் பொழுதுகள் 41. அதில் ஆலைப் பக்கத்திலிருந்து வந்தது 9. கடைவரிசை முன்னால் இன்ஜினை அணைக்காமல் லோரியை நிறுத்திவிட்டுத் தே தாரே குடிக்கப் போகிறவர்களால் 5. மீதி 27ம் நாமே. குப்பை, இலைச் சருகு, பழைய மெத்தை, ஒருமுறை உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிகள். ஆலைக்கு நான் எழுதிய கடிதத்துக்கு இரண்டு வாரத்தில் பதில் வந்தது, கவனிக்கிறோம் என்று. ஓர் அரசு அலுவலகத்துக்கு எழுதியதற்கு இன்னும் பதில் இல்லை. நம் 27க்கு யாருக்குக் கடிதம் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அக்டோபர் தொடக்கத்தில் வந்த புகைமூட்டத்தையும் சொல்ல வேண்டும். மேற்குக் கரையில் பல இடங்களில் குறியீடு 100ஐத் தாண்டியது. பள்ளியில் திடல் விளையாட்டை நிறுத்தினார்கள். நம் பெட்டி அப்போது காட்டிய உச்சம் 118. மூத்த உறுப்பினர் ஒருவர் சிரித்தார்: “1997 புகைய பாத்தவன்யா நான். ரப்பர் பால்ஷீட்டுக்குப் புகைபோடுற கொட்டாயில வேல செஞ்சவன். இதெல்லாம் ஒரு புகையா?” உண்மைதான். 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் அவசர நிலையே பிறப்பித்தார்கள். 2013இல் மூவாரில் குறியீடு 700ஐத் தாண்டியது. நமக்குப் பக்கத்திலேயே ஜொஹான் செத்தியா சதுப்புக் கரிமண் பற்றிக்கொண்டால், மேலே அணைந்ததுபோல் கிடந்து அடியில் நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். ஆனால் கடல் தாண்டி வரும் புகையென்றால் சுமாத்திராவைத் திட்டிவிட்டு முகக்கவசம் போட்டுக்கொள்ளலாம். பின்சந்துப் புகைக்கு அண்டைவீட்டாரைத் திட்ட வேண்டும். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கும் போக வேண்டும். அதனால்தான் வாய் திறப்பதில்லை.

அடுத்து நவம்பர் 5. இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று செயலவையில் ஒருவர் ஆலோசனை சொன்னார். பதிவேட்டில் இருப்பதை மறைப்பது என் வழக்கமில்லை.

தீபாவளிக்கு முந்திய ஞாயிறு, நம் சங்கமே ஏற்பாடு செய்த கோத்தோங் ரோயோங், அதாவது கூட்டுத் துப்புரவுப் பணி. 34 பேர் வந்தார்கள். இந்த ஆண்டின் மிகப் பெரிய கூட்டம் அதுதான். கால்வாய் அள்ளினோம், புல் வெட்டினோம், மண்டபத்துப் பின்னால் ஆள் உயரத்துக்குக் குவியல். குப்பை லோரி செவ்வாய்க்கிழமை வரும் என்று நான் தெளிவாகச் சொல்லியிருந்தேன். பதினொரு மணிக்கு மீ கோரேங் எடுத்துவரக் கடைக்குப் போனேன். அரை மணி நேரம் இருக்கும், அதற்குமேல் இல்லை. திரும்பி வந்தபோது குவியல் எரிந்துகொண்டிருந்தது. யார் பற்றவைத்தது என்று கேட்டேன். 34 பேரும் மற்ற 33 பேரைக் காட்டினார்கள். பெட்டி அந்தச் சுவரில், தீக்கு நேர் மேலே. 11.40க்கு 412. இந்த ஆண்டின் உச்சக்கட்டம் அதுதான். சுமாத்திராவால் முடியாததை நம் துப்புரவுப் பணி செய்து காட்டியது. மூலைவீட்டு அம்மா வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஜன்னலைச் சாத்தினார். அந்த மீ கோரேங்கை என்னால் சாப்பிட முடியவில்லை.

1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்தவெளி எரிப்பைத் தடுக்கிறது. ஹோமம், ஈமக்கிரியை போன்ற சமயக் காரியங்களுக்கு விலக்கு உண்டு. மெத்தைக்கு இல்லை. மறுநடவின்போது மரத்தைக் கொளுத்திய தோட்ட நிறுவனங்களே இன்று செம்பனைத் தண்டைச் சீவி நிலத்திலேயே மக்க விடுகின்றன. தோட்டத்து லயத்தை விட்டு வந்து வீடு வாங்கிய நாம்தான் இன்னும் தீப்பெட்டியோடு அலைகிறோம். சிலாங்கூரிலேயே உள்ள ஜென்ஜாரோம் ஊரை நினைத்துப் பாருங்கள். 2018இல் சீனா பிளாஸ்டிக் கழிவு வேண்டாம் என்றதும் அது இங்கே வந்து குவிந்தது. அனுமதியில்லாத ஆலைகள் ராத்திரியில் எரித்தன. அங்குள்ள குடியிருப்பாளர்கள் விடாமல் புகார் கொடுத்ததால்தான் முப்பதுக்கும் மேற்பட்ட ஆலைகளை மூடினார்கள். அவர்கள் கையில் புகார் இருந்தது. நம் கையில் இருப்பது சந்தா பாக்கி.

ஆம், சந்தா. பதிவில் 143 குடும்பங்கள். ஆண்டுச் சந்தா 24 வெள்ளி; மாதம் 2 வெள்ளிக்கு இப்போது ஒரு தே ஆயிஸ் (ஐஸ் தேநீர்) கூடக் கிடைக்காது. கட்டியவர்கள் 58. மீதி 85 பேரில், 268 வெள்ளியைப் பற்றி என்னிடம் விளக்கம் கேட்டவர்கள் ஆறு பேர். பேர் சொல்லப்போவதில்லை. அவர்களில் ஒருவர் மண்டபத்தில் மகள் பிறந்தநாளை உறுப்பினர் கட்டணத்தில் நடத்தினார் என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன்.

வரவு செலவு பற்றி: விவரம் பொருளாளர் அறிக்கையில் உள்ளது. கையிருப்பு போன ஆண்டைவிடச் சற்றுக் குறைவு, ஆனால் கவலைப்படும் அளவுக்கு இல்லை. மண்டபக் கூரை பழுதுபார்ப்பு எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடிவிட்டது. இரண்டு ரசீதுகள் தேடப்பட்டு வருகின்றன. கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவகத்துக்குக் கணக்கு அனுப்ப வேண்டும் என்பதால், ரசீது யாரிடமாவது இருந்தால் இன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.

தலைவருக்கும், பொருளாளருக்கும், கணக்காய்வாளர்களுக்கும், மகளிர் பகுதிக்கும், மண்டபம் பெருக்கும் அக்காவுக்கும், டியூஷன் ஆசிரியைக்கும் நன்றி. பதிவேடு எழுதும் பாய்லர்காரருக்குத் தனி நன்றி. கண்புரை அறுவைக்குப் போன வாரம்கூட, மனைவியை எழுதச் சொல்லி நிரப்பியிருக்கிறார்.

அடுத்த ஆண்டு பற்றி. நான் ஆறு வருடம் செயலாளராக இருந்துவிட்டேன். இளைஞர்கள் வர வேண்டும் என்று ஒவ்வொரு ஆண்டும் சொல்கிறேன், அவர்களும் கைதட்டுகிறார்கள். இந்த முறை என் பேரை முன்மொழிய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வேறு யாரும் முன்வராவிட்டால், சங்கத்தை அந்தரத்தில் விட்டுப் போகிறவன் நானில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். அப்படி ஆனால் எனக்கு வேண்டியது மூன்று: பின்சந்துக்கு இரண்டு பெரிய குப்பைத்தொட்டி, பாய்லர்காரருக்கு உதவியாக எழுத ஓர் ஆள், அந்த 85 பேரின் 24 வெள்ளி. இரண்டாவது பெட்டி வாங்கும் எண்ணம் தற்போது இல்லை. விலை மட்டும் விசாரித்து வைத்திருக்கிறேன்.

பதிவேடு மண்டப அலமாரியின் மூன்றாவது தட்டில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். தன் வீட்டு எண் அதில் இருக்கிறதா என்று தேட விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள், சாவி என்னிடம்தான்.

இப்படிக்கு,
செயலாளர்
3 மார்ச் 2024