மருமகன்ர பள்ளிக்கூட விசயமாய் அக்காவுக்கு

முறிகண்டியான் துணை

கொவென்றி, இங்கிலாந்து,
மாசி மாதம்

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இஞ்ச எல்லாரும் சுகம். நீங்கள், அத்தான், பிள்ளையள், அம்மா எல்லாரும் சுகமாய் இருக்கோணும் எண்டு கும்பிடுறன். சின்ன மாமான்ர மகன் கொண்டந்த பார்சல் பிரியாமல் வந்து சேர்ந்தது. புழுக்கொடியல், கச்சான், மிளகாய்த்தூள், அதுக்கு நடுவில உங்கட காயிதம். தூள் வாசம் காயிதத்தில ஏறிப்போச்சு, இவர் தும்மித் தும்மித்தான் வாசிச்சவர். இவ்வளவு நாளும் ஒரு வரி எழுதேல்லை எண்டு ஏசியிருக்கிறீங்கள், ஏசுங்கோ. போன் எடுத்தால் அது அம்மான்ர கையில. மருமகன்ர விசயத்தை அவவுக்கு முன்னால கதைச்சால் பிறகு ரெண்டு நாளைக்குச் சாப்பிடமாட்டா. அதுதான் எழுதுறன். தம்பிக்கும் மச்சாளுக்கும் வாசிச்சுக் காட்டுங்கோ.

இந்தமுறை பனி கொட்டேல்லை, ஆனால் ஈரக்குளிர். உடுப்பு ரெண்டு நாளானாலும் காயாது. கீற்றர் இருக்கு, யோசிக்காதேங்கோ. எங்கட சின்னவன் பள்ளிக்கூடத்தால வரேக்க போடுவம். பக்கத்து வீட்டுக் கிழவர் இன்னும் அதே மனிசன்தான். யன்னலடியில கதிரை போட்டு, தன்ர வாசலில கார் விடுறவையின்ர நம்பர், குப்பை லொறி வந்த நேரம் எல்லாம் கொப்பியில எழுதுறார். போன வரியம் கவுன்சில்காரர், அதுதான் இஞ்சத்தை நகரசபை ஆக்கள், குப்பை எடுக்க வந்தது எண்டு சாதிக்க, மனிசன் கொப்பியை விரிச்சுக் காட்டி வெண்டவர். இந்த ஊரில வாய்ப்பேச்சுக்கு விலை இல்லை, எழுத்துக்குத்தான் விலை. அதோடதான் உங்கட கேள்விக்கு வாறன்: தம்பியின்ர மகனுக்குப் பேச்சுச் சரியாய் வரேல்லை, அதிபரும் வீட்டில வைச்சிருக்கச் சொல்லிப்போட்டார், ஏஜென்சியால இஞ்ச அனுப்பினால் எங்கட சின்னவனுக்குப் போல பள்ளிக்கூட உதவி கிடைக்குமோ எண்டு கேட்டிருந்தீங்கள்.

மச்சாள் நினைக்கிற மாதிரி, பிள்ளையை இஞ்ச கொண்டந்து இறக்கினவுடன பள்ளிக்கூடம் எல்லாத்தையும் தானாய்ச் செய்யாது. விசேட தேவைப் பிள்ளையளுக்கான சட்டம் நல்ல சட்டம்தான், 2014இல வந்தது. ஆனால் அதைக் கேட்டுக் கேட்டுத்தான் எடுக்கோணும். நான் சொல்லுறது இங்கிலாந்து முறை. ஸ்கொட்லாந்துக்கும் வேல்சுக்கும் வேற. இதையும் மாத்தப்போறம் எண்டு அரசாங்கம் கதைச்சுக்கொண்டிருக்கு.

ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலயும் விசேட தேவைப் பிள்ளையளுக்குப் பொறுப்பாய் ஒரு ரீச்சர் இருப்பா, சென்கோ எண்டு சொல்லுவினம். முதல் அவவைத்தான் பிடிக்கோணும், வகுப்பு ரீச்சரோட நிண்டால் காணாது. பள்ளிக்கூடம் தன்ர காசில செய்யக்கூடிய உதவியை முதல் செய்யும்: சின்னக் குழுவில பாடம், படத்தால காட்டுற நேரசூசி, சத்தம் தாங்காத பிள்ளைக்குக் காதுமூடி. வரியத்தில மூண்டு தரமாவது பெற்றோரை இருத்திக் கதைக்கோணும் எண்டு விதி இருக்கு. அந்தக் கூட்டத்தில என்ன செய்யிறது, யார் செய்யிறது, எப்ப திருப்பிப் பார்க்கிறது எண்ட மூண்டையும் எழுத்தில வாங்கோணும். அண்டைக்கு இரவே ஒரு ஈமெயில்: "இண்டைக்கு நாங்கள் கதைச்சது இதுதான், பிழையெண்டால் திருத்துங்கோ." அவை திருத்தாட்டி அதுவே சாட்சி.

அது காணாட்டி அடுத்த படி ஈ.எச்.சி. பிளான், அதாவது பிள்ளையின்ர கல்வி, சுகாதாரம், பராமரிப்பு மூண்டையும் சேர்த்து எழுதுற திட்டம். இது கவுன்சில் குடுக்கிற, சட்டத்தால கட்டுப்படுத்திற பத்திரம். இதில கனபேர் தடக்குப்படுறது ரெண்டு இடத்தில. "டொக்டர் வருத்தத்தின்ர பேர் சொன்னபிறகுதான் விண்ணப்பிக்கலாம்" எண்டு ஆரும் சொன்னால் பிழை. ஓட்டிசமோ வேறயோ எண்டு டொக்டர்மார் சொல்லுற வரைக்கும் காத்திருக்கிற வரிசை சில ஊரில வரியக்கணக்கு. அதுமட்டும் நிண்டால் பிள்ளை வளர்ந்திடும். மற்றது, "பள்ளிக்கூடம் முதல் 6,000 பவுண் செலவழிச்சுக் காட்டோணும்" எண்ட கதை. அது பள்ளிக்கூடக் கணக்கு விசயம், பெற்றோர் கேட்கிறதுக்கு நிபந்தனை இல்லை. பிள்ளைக்கு விசேட கல்வித் தேவை இருக்கலாம், அதுக்குப் பிளானின்படி உதவி தேவைப்படலாம் எண்டு காட்டினாலே சோதிச்சுப் பார்க்கிறது கவுன்சிலின்ர கடமை. பள்ளிக்கூடம் கேட்காட்டி தாய் தகப்பன் நேர கவுன்சிலுக்கு எழுதலாம். அந்தக் கடிதத்தின்ர மாதிரியை ஐ.பி.எஸ்.ஈ.ஏ. எண்ட தொண்டு நிறுவனம் இலவசமாய் வைச்சிருக்கு, பேரையும் விபரத்தையும் போட்டால் சரி.

கடிதம் போய்ச் சேர்ந்த நாளில இருந்து எண்ணோணும். சோதிக்கிறதோ இல்லையோ எண்டு 6 கிழமைக்குள்ள கவுன்சில் பதில் தரோணும். ஓம் எண்டால் கல்வி உளவியலாளர், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரிப் பகுதி, சமூக சேவைப் பகுதி, பெற்றோர் எல்லாரிட்டையும் அறிக்கை எடுப்பினம். முழுப் பிளானும் 20 கிழமைக்குள்ள கையில வரோணும். பிந்துறது வழமை. பிந்தினால் அடுத்தநாளே முறைப்பாடு எழுதோணும், பேசாமல் இருக்கிறவையின்ர பைல் அடியில போயிடும்.

முதல் தரம் இல்லை எண்டு கடிதம் வந்தால் பயப்படக்கூடாது. அந்தத் திகதியில இருந்து 2 மாதத்துக்குள்ள தீர்ப்பாயத்துக்குப் போகலாம், கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. அதுக்கு முன்னம் சமரசம் கதைக்கிற ஆளோட ஒருக்கா தொடர்பெடுத்து அத்தாட்சிப் பத்திரம் ஒண்டு வாங்கோணும். அந்தப் பத்திரம் கிடைச்ச நாளில இருந்து 1 மாதம், முந்திச் சொன்ன 2 மாதம், ரெண்டில எது பிந்தி முடியுதோ அதுதான் கடைசி நாள். போற பெற்றோர்தான் பெரும்பாலும் வெல்லுகினம். போகாமல் விடுற ஆக்கள்தான் கூட.

இப்ப முக்கியமான இடம். பிளான் தாறம் எண்டு முடிவானால் முதல் வாறது அதின்ர வரைவு. வாசிச்சுப் பதில் குடுக்க 15 நாளாவது தருவினம். இதில பி எண்ட பகுதியில பிள்ளையின்ர தேவை இருக்கும், எஃப் எண்ட பகுதியில என்ன உதவி எண்டு இருக்கும். ஐ எண்ட பகுதியில பள்ளிக்கூடத்தின்ர பேர் வரும், வரைவில அது வெறுமையாய்த்தான் இருக்கும், விரும்பின பள்ளிக்கூடத்தை நாங்கள் சொல்லோணும். பி பகுதியில இருக்கிற ஒவ்வொரு தேவைக்கும் எஃப் பகுதியில ஒரு உதவி இருக்கோ எண்டு பென்சிலால கோடு இழுத்துப் பார்க்கிறதுதான் வழி. கோடு போய்ச் சேராத இடத்தில உதவி விடுபட்டிருக்கு. "தேவைக்கேற்றபடி பேச்சுப் பயிற்சிக்கு வாய்ப்பளிக்கப்படும்" எண்டு அழகாய் எழுதி அனுப்புவினம். அதை வைச்சு ஒருத்தரையும் ஒண்டும் கேட்கேலாது. "பேச்சுச் சிகிச்சையாளர், கிழமைக்கு ஒருக்கா, தனிய, 30 நிமிசம். அதைவிட ஒவ்வொரு நாளும் அவர் பழக்கின உதவியாளரோட 15 நிமிசம்" எண்டு எழுதினால் நடக்காத கிழமையைக் கையில எண்ணலாம். ஆர், எவ்வளவு, எத்தினை தரம். மூண்டும் இல்லாத வரிக்குக் கையெழுத்து வைக்கக்கூடாது. உளவியலாளற்றை அறிக்கையில இருக்கிற நிமிசக்கணக்கு வரைவுக்கு வரேக்க காணாமல் போறது வழமை, ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பார்க்கோணும். பேச்சுச் சிகிச்சையை ஆஸ்பத்திரிப் பகுதியில போடப் பார்ப்பினம், அதுவும் எஃப் பகுதியில இருக்கிறதுதான் பலம். எஃப்பில இருக்கிறதைக் குடுக்க வேண்டியது கவுன்சிலின்ர சட்டக் கடமை. பிறகு வரியத்துக்கு ஒருக்கா திருப்பிப் பார்ப்பினம்.

கொப்பி விசயம் சொன்னனே, இதுக்குத்தான். சின்னவனைப் பற்றி நாங்கள் எழுதுற கொப்பியில ஒரு வரி இப்பிடி இருக்கு: "செவ்வாய், 10.40. கக்கூசில கை காயவைக்கிற மெசின் சத்தம். மேசைக்குக் கீழ 25 நிமிசம். காதுமூடி அலுமாரிக்குள்ள பூட்டியிருந்தது." பிள்ளை குழப்படி எண்டு எழுதினால் அது பிள்ளையின்ர குணம். இப்பிடி எழுதினால் காதுமூடியை ஏன் பூட்டினவை எண்ட கேள்வி வரும். அதோட இன்னொண்டு: பள்ளிக்கூடத்தால 11 மணிக்குப் போன் அடிச்சு "இண்டைக்கு அவனுக்கு ஏலாது, கூட்டிக்கொண்டு போங்கோ" எண்டு சொல்லுறது. விலக்குக் கடிதம் இல்லாமல் அப்பிடி அனுப்பச் சட்டத்தில இடமில்லை. "எழுத்தில தாங்கோ" எண்டு கேட்டால் போன் குறையும். நான் இப்ப இரவு வேலைக்கு மாறிட்டன், பகலில வீட்டில நிக்கிறது வசதி. இவரும் சனி ஞாயிறு போறார். குறை ஒண்டும் இல்லை.

இஞ்ச இருக்கிற எங்கட ஆக்கள் கனபேர் விசாவுக்குப் பயந்து கேட்காமல் விடுகினம். அரச உதவி எடுக்கேலாத விசாவில இருந்தாலும் பள்ளிக்கூட உதவியும் பிளானும் அதுக்குள்ள அடங்காது, தாராளமாய்க் கேட்கலாம். டி.எல்.ஏ. எண்டு இயலாமை உள்ள பிள்ளைக்கு அரசாங்கம் குடுக்கிற காசு மட்டும் அடங்கும், அது வேற கந்தோர், வேற படிவம்.

அம்மா சொன்னா எண்டு எழுதியிருந்தீங்கள், சின்னவனோட தமிழ் கதைக்கவேண்டாம், இங்கிலீசு மட்டும் கதைச்சால் கெதியாய்ப் பேச்சு வரும் எண்டு. இஞ்சையும் சிலர் சொல்லுகினம். ரெண்டு மொழி கதைக்கிறதால பேச்சுப் பிந்திறதில்லை. வீட்டு மொழி வேற எண்ட ஒரு காரணத்துக்காக மட்டும் விசேட தேவை எண்டு எழுதக்கூடாது எண்டு சட்டத்திலயே இருக்கு. அதேபோல "இங்கிலீசு தெரியாதபடியால்தான் பின்னுக்கு நிக்கிறான்" எண்டு தள்ளிவிடவும் விடக்கூடாது. தமிழிலயும் அவனுக்கு வசனம் கட்ட வராது எண்டால், மொழிபெயர்ப்பாளரை வைச்சு ரெண்டிலயும் சோதிக்கச் சொல்லோணும்.

இனி மருமகன்ர விசயம். இஞ்சத்தைச் சட்டம் உங்களுக்கு உதவாது, வேலை செய்யிற முறை உதவும். முதல் காது. ரீச்சர் கூப்பிட்டால் திரும்பிறான் இல்லை எண்டு எழுதியிருந்தீங்கள். காதுக்குள்ள பசை மாதிரித் தண்ணி கட்டினால் பிள்ளைக்குக் கிணத்துக்குள்ள இருந்து கேட்கிற மாதிரித்தான் கேட்கும், அது வந்து வந்து போகும். ஒருக்கா சரி எண்டு சொன்னாலும் பிறகும் ஒருக்கா சோதிக்கச் சொல்லுங்கோ. கண்ணும் அப்பிடித்தான். கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போகேக்க பிறந்தநேரத்துக் கிளினிக் கொப்பியைக் கொண்டு போங்கோ. எப்ப இருந்தவன், எப்ப நடந்தவன், எப்ப முதல் சொல்லுச் சொன்னவன் எண்டு கேட்பினம். மச்சாள் பதட்டத்தில மாறிச் சொல்லுவா. குழந்தை வைத்தியரிட்டைப் பேச்சுச் சிகிச்சைக்குத் துண்டு கேளுங்கோ.

மற்றது அதிபர். வாயால "வீட்டில வைச்சிருங்கோ" எண்டு சொன்னதைக் கேட்டுப் பிள்ளையை மறிச்சுப்போட்டினம். அது வேண்டாம், 5 வயசில இருந்து 16 மட்டும் கட்டாயக் கல்வி எண்டு எங்கட நாட்டிலயும் சட்டம் இருக்கு. தம்பி ஒரு கடிதம் எழுதி, பிரதி எடுத்து, வலயக் கல்விக் கந்தோரில விசேட கல்விக்குப் பொறுப்பான ஆளிட்டைக் கையில குடுக்கட்டும். வந்துசேர்ந்தது எண்டு பிரதியில கையெழுத்தும் திகதியும் வாங்கோணும். கிட்டடியில விசேட கல்வி அலகு உள்ள பள்ளிக்கூடம் எது எண்டு கேட்கோணும். அலகில விடுறதெண்டால் நாளுக்கு எவ்வளவு நேரம் அங்க, எவ்வளவு நேரம் மற்றப் பிள்ளையளோட வகுப்பில எண்டும் கேட்கோணும். முழுநாளும் ஒரு மூலையில வைச்சிருந்தால் அவன் ஆரைப் பார்த்துக் கதைக்கப் பழகிறது? அஞ்சாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சோதனையைப் பற்றி மச்சாள் இப்பவே அழுகிறா எண்டு எழுதியிருக்கிறீங்கள். அவனுக்கு ஏழு வயசு. விட்டுவிடச் சொல்லுங்கோ.

இரணைமடுக் குளத்து வான் கதவு திறந்தது, பெடியள் எல்லாம் மீன் பார்க்கப் போனவை எண்டு ஒரு வரி எழுதியிருந்தீங்கள். அந்த இடத்தில காயிதத்தை வைச்சுப்போட்டு எழும்பிட்டன் அக்கா. சின்னவனுக்குத் தண்ணி எண்டால் உயிர். அந்தச் சத்தத்துக்கு அவன் காது பொத்தமாட்டான் எண்டு எனக்குத் தெரியும். அடுத்த வரியம் பார்ப்பம் எண்டு இவர் சொல்லுறார், போன வரியமும் சொன்னவர்.

சரி, அதை விடுவம். மச்சாளின்ர நகையை ஈடு வைச்சு ஏஜென்சிக்குக் குடுக்கிற கதை எனக்குத் துண்டாய்ப் பிடிக்கேல்லை. தம்பிக்கு நேர சொன்னால் கோவிப்பான், அத்தானைக் கொண்டு சொல்லுவியுங்கோ. அந்தக் காசில கால்வாசி இருந்தால் காரைப் பிடிச்சு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொஞ்சக் காலம் கூட்டிக்கொண்டு போய்வரலாம். அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில அம்மான்ர பேருக்குக் குடுத்த பேர்மிற் காணியைப் பற்றி ஆரோ வந்து கேட்டதாம், அதுவும் வேண்டாம். பிரதேச செயலாளற்றை அனுமதி இல்லாமல் அது கைமாறாது, கள்ள எழுத்தை நம்பிக் காசு வாங்கினால் பிறகு கோடு கச்சேரி எண்டு வழக்குத்தான். அம்மா நடமாட்டமாய் இருக்கேக்கயே, தனக்குப் பிறகு காணி ஆருக்கு எண்ட பின்னுரித்தைத் தம்பியின்ர பேருக்குப் பதியச் சொல்லுங்கோ. எனக்கு அதில பங்கு வேண்டாம், எழுதித் தாறதெண்டாலும் தாறன்.

இந்த மாதக் காசு கொஞ்சம் பிந்தும், வங்கியில ஏதோ மாத்தம் செய்யினமாம். அம்மான்ர கண் ஒப்பரேசனுக்கு எண்டு வைச்சது தனிய இருக்கு, அதைத் தொடேல்லை. திகதி தந்தால் உடன அறிவியுங்கோ. சிறுபோகக் கூட்டத்தில எங்கட பக்கத்துக்கு எத்தினை ஏக்கருக்குத் தண்ணி எண்டு முடிவானால் அதையும் எழுதுங்கோ. உழவுக்காசைப் பிறகு பார்ப்பம். பேர்மிற்றின்ர முன்பக்கம் பின்பக்கம் ரெண்டையும் மூத்தவளைக் கொண்டு போனில படம் எடுத்து அனுப்புங்கோ, திகதியும் கையெழுத்தும் வடிவாய்த் தெரியோணும்.

இப்படிக்கு,
அன்புத் தங்கச்சி