காதடிக் கட்டியும் ஸ்கேன் சீட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மருத்துவப் பக்கத்தில் தைராய்டு கட்டி பற்றி அடிக்கடி வருகிறது. காதடியிலும் தாடைக்கு அடியிலும் வரும் உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டி பற்றிப் படித்த நினைவே இல்லை. ஸ்கேன் அறையில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் காதடி வீங்கினால் பொன்னுக்கு வீங்கி என்று கழுத்தில் தங்கச் சங்கிலியைப் போட்டு, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பற்றுப் போடுவார்கள். பிள்ளைகளுக்கு என்றால் சரி, பத்து நாளில் தானாக வடிந்துவிடும். பெயர் சங்கிலிக்குப் போகும். ஐம்பது வயதுக்காரருக்கு ஒரு பக்கம் மட்டும், வலியில்லாமல், மாதக்கணக்கில் கோலிக்குண்டு மாதிரி நிற்கிற கட்டி அந்த ரகம் இல்லை. பயமுறுத்தவில்லை. காதடிச் சுரப்பிக் கட்டிகளில் சுமார் ஐந்தில் நான்கு புற்றுநோய் அல்ல. தாடைக்கு அடியில் உள்ள சுரப்பியிலும், வாய்க்குள் இருக்கும் சின்னச் சுரப்பிகளிலும் அந்த நிம்மதி குறைவு.

முதலில் சாதாரண அல்ட்ராசவுண்ட் போதும். சுரப்பிக்குள் கட்டியா, பக்கத்தில் நெறி கட்டியதா, கல் அடைத்த வீக்கமா என்று பெரும்பாலும் சொல்லிவிடும். அதில் பார்த்தபடியே ஊசி போட்டு செல் எடுக்கலாம். ஆனால் தாடை எலும்புக்குப் பின்னால் மறைந்த பகுதிக்கு ஒலி அலை எட்டாது, அங்கே எம்.ஆர்.ஐ. வேண்டும். முகத்தை அசைக்கும் நரம்பு காதடிச் சுரப்பிக்குள்ளேயே ஓடுகிறது. வழக்கமான படத்தில் நரம்பு சரியாகத் தெரியாது. அதையொட்டிப் போகும் ரத்தக்குழாயை அடையாளம் வைத்துத்தான் கட்டி மேலாகவா, ஆழத்திலா என்று கணிப்பார்கள். கத்தி வைக்கும் முன் சர்ஜனுக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

என் குறை டாக்டர் எழுதிக் கொடுத்தனுப்பும் ஸ்கேன் சீட்டைப் பற்றியது. பல சீட்டில் 'கழுத்து சி.டி.' என்று மட்டும் கிறுக்கியிருக்கும். எந்தப் பக்கம், எத்தனை மாதமாக, வாய் கோணுகிறதா, ஏற்கெனவே ஆபரேஷன் ஆனதா, ஒன்றும் இருக்காது. சி.டி.யில் பல்லில் அடைத்த உலோகம் வெள்ளை வெள்ளையாகக் கீற்றடித்துச் சுரப்பியையே மறைத்துவிடும். இடம் தெரிந்தால் பல்லைத் தவிர்த்துக் கோணம் மாற்றியாவது எடுப்போம். சில புற்றுகள் நரம்பைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறும். வாய் கோணியிருப்பதை எழுதினால் மண்டையோட்டின் அடிப்பகுதி வரை தேடுவார்கள். எழுதாவிட்டால் படம் கழுத்தோடு நின்றுவிடலாம். அப்புறம் இன்னொரு ஸ்கேன், இன்னொரு செலவு.

டாக்டர்கள் இரண்டு வரி எழுதட்டும். நோயாளிகள் பழைய பிலிமையும் ஊசி ரிப்போர்ட்டையும் மறக்காமல் எடுத்து வரட்டும். சாதாரணக் கட்டி என்று எடுத்த பிறகும் பல வருடம் கழித்து மறுபடி முளைப்பது உண்டு. பழைய படம் இருந்தால்தான் ஒப்பிட முடியும். மஞ்சப்பையில் மடித்துத் திணித்த பிலிம் என்றாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரேடியோகிராபர்,
திண்டுக்கல்.